சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவே எதைப் போடுவது: ஃபைபர் சேனலா, ஐஸ்கஸியா, என்விஎம்இ டிசிபியா?

8 ஜி ஃபைபர் சேனல் சுவிட்சோடு பல வருடம் ஓட்டிய நிறுவனங்கள் இப்போது ஆல்-ஃபிளாஷ் (டிஸ்க் எல்லாமே ஃபிளாஷ்) ஸ்டோரேஜுக்கு மாறுகின்றன. கொட்டேஷன் கேட்டால் விற்பவர் திருப்பிக் கேட்பார்: "எந்த போர்ட் கார்டு போடட்டும்?" டிஸ்க் அளவையும் டீடூப் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் வைப்பது) விகிதத்தையும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஸ்டோரேஜ் ஐந்தாறு வருடத்தில் மாறிவிடும். அதைச் சர்வர்களோடு இணைக்கும் வலையமைப்போ அடுத்த ஸ்டோரேஜுக்கும் அதற்கு அடுத்ததற்கும் தங்கிவிடும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தேர்வுகள் மூன்று: ஸ்டோரேஜுக்கென்றே உள்ள ஃபைபர் சேனல்; பழைய டிஸ்க் மொழியைச் சாதாரண ஈதர்நெட்டில் டிசிபி மேல் அனுப்பும் ஐஸ்கஸி (iSCSI); ஃபிளாஷுக்கான புதிய மொழியான என்விஎம்இயை அதே வழியில் அனுப்பும் என்விஎம்இ டிசிபி (NVMe/TCP).

பேச வசதியாக ஒரு அளவை வைத்துக்கொள்வோம். 12 சர்வர்கள், பெரும்பாலும் விஎம்வேர். தனியாக ஓடும் ஒன்றிரண்டு ஆரக்கிள் அல்லது எஸ்கியூஎல் டேட்டாபேஸ். இரண்டு கண்ட்ரோலர் (ஸ்டோரேஜை இயக்கும் மூளை) உள்ள ஒரு ஸ்டோரேஜ். நடுத்தர மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, தொழிற்சாலை என்று பல இடங்களில் பார்க்கக்கூடிய அளவு இது.

வேகத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம்

விற்பனைத் தாள்களில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம்தான். ஆனால் இந்த முடிவில் அதற்குக் கடைசி இடம் கொடுத்தால் போதும். 32 ஜி ஃபைபர் சேனல் போர்ட் ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 3,200 எம்பி கொண்டுபோகும். 25 ஜி ஈதர்நெட்டில் ஹெடர் எல்லாம் போக 3,000 எம்பியை ஒட்டி வரும். இரண்டும் ஏறக்குறைய சமம். 8 கேபி அளவில் விநாடிக்கு 1 லட்சம் ஐஓ (படிக்க, எழுத வரும் கோரிக்கை) போனாலும் அது 820 எம்பி சுமார்தான். 16 ஜி போர்ட் ஒன்றே அதைப் பாதி மூச்சில் தாங்கும். 12 சர்வர் உள்ள இடத்தில், இரவு பேக்கப் ஓடும் நேரம் தவிர, குழாய் நிரம்புவது அபூர்வம்.

சரி, அப்படியானால் எது வித்தியாசம்? அனுப்பிய தரவு வழியில் தொலைந்தால் என்ன ஆகிறது என்பதுதான். விலை, ஆள், ஆபத்து எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

ஃபைபர் சேனலில் வாங்கும் பக்கம் "என்னிடம் இத்தனை பஃபர் காலியாக இருக்கிறது" என்று முன்கூட்டியே டோக்கன் கொடுத்துவிடும். பஃபர் டு பஃபர் கிரெடிட் என்பது அதன் பெயர். கையில் டோக்கன் இல்லாமல் ஒரு ஃபிரேம்கூடக் கிளம்பாது. அதனால் நெரிசலில் ஃபிரேமைத் தூக்கிப் போடும் பேச்சே வழக்கமான நேரத்தில் இல்லை. ஈதர்நெட் வேறு மாதிரி. பஃபர் நிரம்பினால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். திரும்ப அனுப்புவது டிசிபியின் பாடு. பெரும்பாலான நேரம் டிசிபி அதைச் சட்டென்று சரிசெய்துவிடும். ஆனால் கடைசிப் பாக்கெட் தொலைந்து, டைமர் முடியும்வரை காத்திருக்க நேர்ந்தால், லினக்ஸில் அந்தக் காத்திருப்பு குறைந்தது 200 மில்லிவிநாடி. ஃபிளாஷ் ஸ்டோரேஜ் ஒரு மில்லிவிநாடிக்குள் பதில் தருகிற காலத்தில் இது மிகப் பெரிய இடைவெளி. சராசரி கிராஃபில் இது தெரியவே தெரியாது. டேட்டாபேஸ் லாக் எழுதும் இடத்தில்தான் "அவ்வப்போது ஒரு விநாடி தொங்குகிறது" என்ற புகாராக வெளிவரும்.

இதை வைத்து ஃபைபர் சேனல் குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். ஒரு சர்வர் மெதுவாக வாங்கினால், அதற்கான ஃபிரேம்கள் சுவிட்ச் பஃபரில் தேங்கும். தேக்கம் பின்னோக்கிப் பரவி ஸ்டோரேஜ் போர்ட் வரை வரும். அதே போர்ட்டிலிருந்து படிக்கும் மற்ற நல்ல சர்வர்களும் தாமதமாகும். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சுவிட்ச் அந்த ஃபிரேம்களை எறிந்தும் விடும். இதற்கு ஸ்லோ டிரெய்ன் (slow drain, மெதுவாக வடிவது) என்று பெயர். புதிய 32 ஜி ஸ்டோரேஜோடு பழைய 8 ஜி ஹெச்பிஏ (சர்வரில் சொருகும் ஃபைபர் சேனல் கார்டு) வைத்த சர்வர்களைக் கலந்து ஓட்டும் இடங்களில் இதை நிச்சயம் எதிர்பார்க்கலாம். கவனித்தீர்களா? ஈதர்நெட்டில் மெதுவான சர்வர்தான் பெரும்பாலும் அடி வாங்குகிறது. ஃபைபர் சேனலிலோ அதன் பக்கத்துச் சர்வர்களும் வாங்குகின்றன. எந்தப் பக்கம் போனாலும், ஸ்டோரேஜின் வேகமும் சர்வரின் வேகமும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கக் கூடாது. இதற்காகவே 12 சர்வருக்கும் கார்டு மாற்றும் செலவை முதல் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஈதர்நெட் எப்போது மலிவு

ஐஸ்கஸி ஒன்றும் புதிதல்ல. 2004-லேயே ஆர்எஃப்சி 3720 ஆக வந்துவிட்டது. சாதாரண நெட்வொர்க் கார்டு, சாதாரண சுவிட்ச், 3260 என்ற டிசிபி போர்ட், அவ்வளவுதான். ஒரே ரேக்குக்குள் என்றால் 25 ஜிக்கு 3 மீட்டர் செப்பு டிஏசி கேபிள் போதும். ஆப்டிக்ஸ் (மின் சமிக்ஞையை ஒளியாக்கும் பிளக்) செலவே இல்லை. ஃபைபர் சேனலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஆப்டிக்ஸ் வேண்டும். சுவிட்ச் விற்பவர்கள் என்று பார்த்தால் பிராட்காமின் புரோகேட், சிஸ்கோவின் எம்டிஎஸ் என்று இரண்டே வரிசைகள். ஹெச்பிஏவிலும் எமுலெக்ஸ், கியூலாஜிக் என்று இரண்டு பெயர்தான். முதலாவது பிராட்காமிடம், அடுத்தது மார்வெல்லிடம். போட்டி குறைவு, விலை இறங்காது. 24 போர்ட் சுவிட்ச் வாங்கினால் 8 போர்ட் மட்டும் திறந்திருக்கும். மற்றவற்றுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. நம் கணக்கில் ஒரு சுவிட்சுக்கு 12 சர்வர் போர்ட், 4 ஸ்டோரேஜ் போர்ட், ஆக 16. அந்த லைசென்ஸ் கொட்டேஷனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "ஈதர்நெட் மலிவு" என்று சொல்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அலுவலகத்துக்கு ஏற்கெனவே இருக்கிற கோர் சுவிட்சிலேயே இதையும் ஏற்றப் போகிறோமா, தனியாக இரண்டு சுவிட்ச் வாங்கப் போகிறோமா? பணம் பெரிய அளவில் மிச்சமாவது பகிர்ந்துகொள்ளும்போதுதான். ஆபத்து முழுவதும் வருவதும் அதே பகிர்தலில்தான்.

ஒரு மூலையில் யாரோ கேபிளை லூப் போட்டுவிட, பிராட்காஸ்ட் பெருகி சுவிட்சின் சிபியு திணறினால், அலுவலகத்தில் இணையம் பத்து நிமிடம் நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதே சுவிட்ச் வழியாக 200 வர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்க் போய்க்கொண்டிருந்தால், பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றையும் தட்டி எழுப்பி, ஃபைல் சிஸ்டம் சரிபார்த்து, டேட்டாபேஸை மீட்டெடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் ஃபர்ம்வேர். நெட்வொர்க் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ரீபூட் என்பது சாதாரண வேலை. பயனர் யாரும் இல்லை. ஸ்டோரேஜுக்கு ஞாயிறு கிடையாது. அதிலும் இரண்டு சுவிட்சையும் ஸ்டாக் செய்து ஒரே சுவிட்ச் போல நடத்துகிறவர்கள், ஏ பாதை ஒரு சுவிட்ச், பி பாதை இன்னொன்று என்று நிம்மதியாக இருப்பார்கள். ஸ்டாக்கை மேம்படுத்தும்போது பல மாடல்களில் இரண்டும் சேர்ந்தே ரீபூட் ஆகும். ஏ, பி இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும்.

ஆகவே ஐஸ்கஸி போடுவதென்றால் அதற்கென்று இரண்டு தனி 25 ஜி சுவிட்ச், ஸ்டாக் செய்யாமல், அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்காமல் போட வேண்டும். அப்படிப் போட்டபின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி இன்னும் இருக்கும், ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இருக்காது. என் பார்வையில் ஃபைபர் சேனலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு இந்தத் தனிமைக்குத்தான் போகிறது. வேறு யாரும் கை வைக்க முடியாத ஒரு வலையமைப்பு அது. வேறு யாருக்கும் அதில் வேலையும் இல்லை. அந்தத் தனிமையை ஈதர்நெட்டிலும் கட்டுப்பாடாகக் காக்க முடியும் என்றால் ஐஸ்கஸி நல்ல தேர்வு. மூன்று வருடம் கழித்து யாரோ "அந்த சுவிட்சில் நாலு போர்ட் காலியாக இருக்கிறதே" என்று சிசிடிவி சர்வரைச் சொருகிவிடும் இடமாக இருந்தால் அது நல்லதல்ல. உங்கள் இடம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

ஜம்போ ஃபிரேம் பற்றியும் ஒரு வார்த்தை. எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 பைட் வைப்பதானால் சர்வர், சுவிட்ச், ஸ்டோரேஜ் என்று எல்லா இடத்திலும் வைக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் 1500 இருந்தால் லாகின் ஆகும், லன் (ஸ்டோரேஜ் சர்வருக்குத் தரும் டிஸ்க் பகுதி) தெரியும், பெரிய ரைட் வரும்போது மட்டும் தொங்கும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் அடித்துப் பாருங்கள். எல்லாப் பாதையிலும் பதில் வர வேண்டும்.

பெயரும் சோனும்

அன்றாட நிர்வாகத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பீட்டு அட்டவணைகள் காட்டுவதில்லை. ஃபைபர் சேனலில் ஒவ்வொரு ஹெச்பிஏ போர்ட்டுக்கும் 16 இலக்க டபிள்யூடபிள்யூபிஎன் என்ற அடையாள எண் உண்டு. அது வன்பொருளோடு பிறந்தது. கார்டு பழுதாகி மாற்றினால் அந்த எண்ணும் மாறும். சுவிட்சில் சோன் (எது எதோடு பேசலாம் என்ற பட்டியல்), ஸ்டோரேஜில் ஹோஸ்ட் பதிவு இரண்டையும் திருத்த வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இது எரிச்சல்தான். ஆனால் ஒரு சர்வர் தற்செயலாக இன்னொரு சர்வராகத் தெரியவே தெரியாது. சோனிங்கில் ஒரு சோனுக்கு ஒரே இனிஷியேட்டர் (சர்வர் பக்கத்துப் போர்ட்) என்ற விதியைப் பிடித்துக்கொண்டால், ஒரு சர்வரின் கோளாறு இன்னொரு சர்வருக்குக் கண்ணிலேயே படாது.

ஐஸ்கஸியில் சர்வரின் பெயர் ஐக்யூஎன். அது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஒரு ஃபைலில் இருக்கிறது. கார்டு மாற்றினாலும் பெயர் மாறாது, வசதி. ஆனால் ஒரு லினக்ஸ் சர்வரை இமேஜ் எடுத்து இன்னொன்றில் போட்டால் அந்த ஃபைலும் கூடவே போகும். இரண்டு சர்வருக்கு ஒரே பெயர். ஸ்டோரேஜ் இரண்டையும் ஒருவராகவே நினைத்து ஒரே லன்னைக் கொடுக்கும். இருவரும் மவுண்ட் செய்து எழுதினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும், மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் பல பாதை வைக்கும் ஏற்பாடு) எதுவும் காப்பாற்றாது. என்விஎம்இயிலும் ஹோஸ்ட் என்கியூஎன் என்ற பெயரும் இதே போலத்தான். குளோன் செய்யும் முறையிலேயே புதிய பெயர் உருவாக்கும் படியைச் சேர்த்துவிட வேண்டும். இதை எழுத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு மட்டும் நான் ஐஸ்கஸியைப் பரிந்துரைப்பேன்.

என்விஎம்இ வந்தபின்

என்விஎம்இயை வலையமைப்பின் மேல் கொண்டுபோகும் முதல் வரையறை 2016-ல் வந்தது. டிசிபி மேல் ஓட்டும் முறை 2018 நவம்பரில் ஏற்கப்பட்டது. லினக்ஸ் கர்னல் 5.0-விலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. விஎம்வேரில் விஸ்பியர் 7 அப்டேட் 3-ல் வந்தது. ஸ்டோரேஜுக்குப் பேசும் மொழி எளிதாகி, வரிசைகள் பல ஒரே நேரத்தில் ஓடுவதால், ஐஸ்கஸியைவிடத் தாமதமும் சிபியு செலவும் குறைகின்றன. அதே 25 ஜி சுவிட்ச், அதே கார்டு. புதிதாக ஈதர்நெட் வழி போகிறவர், ஆபரேட்டிங் சிஸ்டம் இடம் கொடுத்தால், ஐஸ்கஸிக்குப் பதிலாக இதிலேயே தொடங்குவது நல்லது. பாக்கெட் தொலைந்தால் வரும் சிக்கல் இங்கும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் கீழே இருப்பது அதே டிசிபி.

பலர் மறந்துவிடுவது என்னவென்றால், ஃபைபர் சேனலிலும் என்விஎம்இ ஓடும். 32 ஜி ஹெச்பிஏ, 32 ஜி சுவிட்ச் இரண்டிலும் பழைய டிஸ்க் மொழியான எஸ்சிஎஸ்ஐயும் (SCSI) என்விஎம்இயும் ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் போகலாம். ஸ்டோரேஜிலும் ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஆதரவு இருந்தால், ஒரு டேட்டாபேஸை மட்டும் முதலில் மாற்றிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம். வன்பொருள் எதையும் தொட வேண்டாம். ஏற்கெனவே ஃபைபர் சேனல் தெரிந்த ஆட்கள் இருக்கும் இடத்தில் இது பெரிய பலம். ஒன்றைச் சரிபாருங்கள்: விஸ்பியர் 7-ல் என்விஎம்இ வழியாக ஆர்டிஎம் (லன்னை வர்ச்சுவல் மெஷினுக்கு நேரே கொடுக்கும் முறை) கிடையாது. ஆர்டிஎம் டிஸ்க்கை நம்பி விண்டோஸ் கிளஸ்டர் ஓட்டுகிறவர்கள் அதற்கு வழி பார்த்த பிறகே மாற வேண்டும்.

எஃப்சிஓஇ பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைபர் சேனல் ஃபிரேமை ஈதர்நெட்டில் ஏற்றும் இந்த முறை 2009-ல் தரமாக்கப்பட்டது. ஈதர்நெட்டையே தொலைக்காத வலையமைப்பாக மாற்றினால்தான் வேலை செய்யும். சில பிளேடு சர்வர் பெட்டிகளுக்குள் இன்றும் அமைதியாக ஓடுகிறது. அங்கே இருந்தால் இருக்கட்டும். புதிதாக வாங்க வேண்டாம். ஆர்டிஎம்ஏ வழியில் (ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரே) போகும் ரோசியும் (RoCE) ஏறக்குறைய அதே ஒழுங்கை ஈதர்நெட்டிடம் கேட்கிறது. 12 சர்வருக்கு அந்தப் பாடு தேவையில்லை.

சர்வர் நாலே நாலு என்றால்

சர்வர்கள் மூன்று நான்குக்குள் இருந்தால் சுவிட்சே வேண்டாம். ஸ்டோரேஜின் ஃபைபர் சேனல் போர்ட்டிலிருந்து நேரே சர்வரின் ஹெச்பிஏவுக்குக் கேபிள் போடலாம். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு கண்ட்ரோலரிலிருந்தும் ஒவ்வொரு கேபிள். சோனிங் இல்லை, லைசென்ஸ் இல்லை, பழுதாக ஒரு பெட்டி குறைவு. 16 ஜியிலிருந்து பழைய லூப் முறை கிடையாது, பாயிண்ட் டு பாயிண்ட் மட்டும்தான். எல்லா ஸ்டோரேஜும் எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்தோடும் இதை ஆதரிப்பதில்லை. பொருத்தப் பட்டியலில் "நேரடி இணைப்பு" என்று எழுத்தில் இருந்தால் மட்டும் போடுங்கள். சிறிய இடங்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். பிறகு சர்வர் கூடினால் அதே கேபிள், அதே கார்டோடு நடுவில் சுவிட்சை வைத்துக்கொள்ளலாம்.

தரைக்கு அடியில் கிடக்கும் கேபிள்

வேகத்தைக் கூட்டும்போது கேபிளின் எட்டும் தூரம் குறையும். ஓஎம்3 ரக ஒளியிழைக் கேபிளில் 8 ஜி 150 மீட்டர் போனது. 16 ஜி 100 மீட்டர், 32 ஜி 70 மீட்டர்தான். ஓஎம்4 என்றால் 32 ஜி 100 மீட்டர் போகும். பழைய கட்டடங்களில் இன்னும் கிடக்கும் ஆரஞ்சு நிற ஓஎம்2-வில் 32 ஜிக்கு 20 மீட்டர்தான் கணக்கு; அதை எடுத்துவிடுவதே நல்லது. கேபிளின் எல்சி முனையில் ஒட்டும் தூசி 8 ஜியில் தெரியாமல் இருந்திருக்கும். 32 ஜியில் பிழை எண்ணிக்கையாக ஏறும். கேபிளைச் சொருகுவதற்கு முன் ஒவ்வொரு முனையையும் துடைக்க வேண்டும், புதிய கேபிளையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று: 32 ஜி ஆப்டிக்ஸ் 16-க்கும் 8-க்கும் இறங்கி வரும். 64 ஜி ஆப்டிக்ஸ் 16-க்குக் கீழே இறங்காது. அதாவது 32 ஜி போர்ட் கொண்ட புதிய ஸ்டோரேஜை இன்றே பழைய 8 ஜி சுவிட்சில் சொருகி, தரவை நகர்த்திக்கொண்டே, சுவிட்சை அடுத்த நிதியாண்டில் மாற்றலாம். பட்ஜெட் பிரித்து வரும் இடங்களுக்கு இது பெரிய ஆறுதல். நேரே 64-க்குத் தாவுகிறவருக்கு இந்த இடைக்காலம் கிடைக்காது.

அடுத்த கட்டடத்திலோ அடுத்த ஊரிலோ இன்னொரு ஸ்டோரேஜ் வைத்து சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் செய்யும் திட்டம் இருந்தால், ஒளியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோவிநாடி என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு ரைட்டுக்கு இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தால் 50 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிவிநாடி கூடும். இது ஃபைபர் சேனலுக்கும் ஈதர்நெட்டுக்கும் பொது. பல ஸ்டோரேஜ்கள் ரெப்ளிகேஷனுக்குத் தனி ஐபி போர்ட் வைத்திருப்பதால், சர்வர் இணைப்பை எது என்று முடிவு செய்ய இந்தக் காரணத்தை இழுக்க வேண்டியதில்லை.

நான் என்ன போடுவேன்

நாம் எடுத்துக்கொண்ட 12 சர்வர் இடத்தில் ஏற்கெனவே ஃபைபர் சேனல் ஓடுகிறது, டேட்டாபேஸ் முக்கியம், ஆட்களுக்குச் சோனிங் கை வந்த வேலை. அங்கே 32 ஜி ஃபைபர் சேனலையே போடுவேன். இரண்டு சிறிய சுவிட்ச், ஏ ஒன்று, பி ஒன்று, இரண்டுக்கும் நடுவே கேபிளே இருக்கக் கூடாது. "இணைத்தால் நிர்வாகம் சுலபம்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். இணைத்த கணமே இரண்டு ஃபேப்ரிக் (சுவிட்ச் வலையமைப்பு) ஒன்றாகி, ஒரு தவறான சோன் மாற்றம் இரண்டையும் தொடும்.

ஃபைபர் சேனலே இல்லாத புதிய இடம், நெட்வொர்க் தெரிந்த ஆட்கள் உண்டு, லினக்ஸும் புதிய விஎம்வேரும் மட்டும் என்றால், இரண்டு தனி 25 ஜி சுவிட்சோடு என்விஎம்இ டிசிபி. அதில் சேராத சர்வர் ஒன்றிரண்டு இருந்தால் அவை மட்டும் அதே சுவிட்சில் ஐஸ்கஸி. தனி சுவிட்சுக்குப் பணம் இல்லை, கோர் சுவிட்சில்தான் ஏற்ற வேண்டும் என்றால், சர்வர் எண்ணிக்கையைக் குறைத்து நேரடி இணைப்புக்குப் போக முடியுமா என்று முதலில் பார்ப்பேன்.

எதை வாங்கினாலும், பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் சோதனை வையுங்கள். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கேபிளை உருவுங்கள். பிறகு ஒரு சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு ஒரு கண்ட்ரோலரை ரீபூட் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஐஓ எத்தனை விநாடி நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஐஸ்கஸியின் இயல்பான காத்திருப்பு 120 விநாடி. மல்டிபாத் இருக்கும்போது அது வெகுவாகக் குறைக்கப்பட்டிருக்க வேண்டும், இந்தச் சோதனையில்தான் அது தெரியும். பாதை திரும்பி வந்தபின் எல்லாச் சர்வரிலும் பழைய எண்ணிக்கையில் பாதைகள் வந்துவிட்டனவா என்றும் எண்ணிப் பாருங்கள். நாலில் மூன்று மட்டும் திரும்பியிருந்தால் அன்றைக்கு எல்லாம் ஓடும். அந்த நான்காவதைச் சரிசெய்யாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.